புத்தாண்டுச் சபதம்: வளைஞ்சு கொடுக்கணும், கொஞ்சம் விசித்திரமாவும் இருக்கணும். உங்க கைவசம் என்ன இருக்கு?

தேன்சிட்டு | டிசம்பர் 26, இரவு 9:14

வருஷக் கடைசி வந்துடுச்சு. எடை குறைப்பேன், விடிகாலையில எழுந்திருப்பேன், தினமும் உடற்பயிற்சி செய்வேன் வகையறாவை இங்கே போட வேண்டாம், ப்ளீஸ். அதெல்லாம் நல்லதில்லைன்னு சொல்லலை. அதுக்கு இந்தத் திரி தேவையில்லை, அவ்வளவுதான்.

நான் தேடறதுக்கு ரெண்டு நிபந்தனை. ஒரு நாள் தவறினா மொத்தமும் பாழாகிற மாதிரி இருக்கக் கூடாது. கேட்ட உடனே "இதெல்லாம் ஒரு சபதமா"ன்னு யாராவது சிரிக்கணும்.

நானே ஆரம்பிச்சு வைக்கறேன். தெரியாததைத் தெரியாதுன்னு வாய்விட்டுச் சொல்லப் போறேன். கூட்டத்துல யாராவது ஒரு பெயரையோ புரியாத ஒரு சுருக்கப் பெயரையோ சொல்லும்போது எல்லாரும் சேர்ந்து தலையாட்டுவோம் பாருங்க, அந்தத் தலையாட்டலை விடணும். எண்ணிக்கை கிடையாது, தினசரிக் கணக்கு கிடையாது. வாய்ப்பு வர்றப்போ செய்யறது.

அரைகுறை | டிசம்பர் 26, இரவு 9:40

பிடிக்காத புத்தகத்தைப் பாதியிலயே மூடுறது. இதான் என் சபதம். சிரிச்சு முடிச்சாச்சா?

இதுக்கு ஒரு கணக்கும் இருக்கு. நான்சி பேர்ல்னு ஒரு அமெரிக்க நூலகர் சொன்னது. 50 பக்கம் படிச்சுப் பாரு, ஒட்டலைன்னா விட்டுடு. 50 வயசு தாண்டியவங்க 100லிருந்து தங்கள் வயசைக் கழிச்சு, வர்ற எண்ணிக்கைக்குப் படிச்சாப் போதும். வயசு ஏற ஏறப் பொறுமைக்கு அவசியம் குறையுதுங்கறதை இவ்வளவு நாகரிகமா வேற யாரும் சொல்லலை.

அலமாரியில பாதியில நிக்கிற புத்தகங்களைப் பாக்கறப்போ வர்ற குற்ற உணர்ச்சிதான் புதுப் புத்தகத்தையும் எடுக்க விடாமப் பண்ணுது. மூட அனுமதி கிடைச்சா நிறையத் திறப்போம்.

கணக்கன் | டிசம்பர் 26, இரவு 10:22

மன்னிக்கவும், நான் எதிர்க்கட்சி. "வளைந்து கொடுக்கும் சபதம்" என்பது கேட்க இனிமையாக இருக்கிறது. ரப்பர் அளவுகோலால் அளந்தால் எல்லாரும் ஆறடி. செய்தால் செய்தேன், செய்யாவிட்டால் "நான் நெகிழ்வாக இருக்கிறேன்". அப்புறம் எதற்குச் சபதம்? சபதமே போடாமல் இருப்பது இன்னும் நேர்மை இல்லையா? ஜனவரியில் நம் எல்லோருக்கும் வருவது ஆரம்ப சூரத்தனம். அதற்கு மருந்து கண்டிப்பு. தளர்வு அல்ல.

ஏட்டுச்சுரைக்காய் | டிசம்பர் 27, காலை 7:05

கணக்கன் சார், இரண்டு கேள்விகளை ஒன்றாக்கிவிட்டீர்கள். தனித்தனியாக எடுத்துக்கொள்கிறேன்.

சபதம் போடாமலே இருப்பது மேலா? ஜான் நார்கிராஸ் என்ற உளவியலாளரும் அவர் குழுவினரும் இதைத் தொலைபேசியில் விசாரித்து 2002இல் வெளியிட்டார்கள். சபதம் போட்டவர்கள் ஒரு பக்கம். மாற ஆசை உண்டு, ஆனால் சபதம் போடவில்லை என்பவர்கள் மறுபக்கம். ஆறு மாதம் கழித்துக் கேட்டபோது முதல் அணியில் 46 சதவீதம் பேர் "தொடர்கிறேன்" என்றார்கள். மற்ற அணியில் 4 சதவீதம். அவரவர் வாயால் சொன்ன கணக்குதான், கொஞ்சம் தள்ளுபடி செய்துகொள்ளுங்கள். ஆனாலும் இடைவெளி பெரியது.

அடுத்தது கண்டிப்பு. கூகுள் ஊழியர்கள் சுமார் 2,500 பேரை வைத்து உடற்பயிற்சிக் கூடத்தில் செய்த சோதனை ஒன்று 2021இல் வெளியானது. ஒரு குழுவுக்கு, தாங்களே குறித்துக் கொடுத்த நேரத்தில் போனால்தான் ஊக்கத்தொகை. இன்னொரு குழுவுக்கு எப்போது போனாலும் உண்டு. ஒரே நேரம், ஒரே ஒழுங்கு என்று போகிறவர்களுக்குத்தான் பழக்கம் ஊறும் என்று எல்லோரும் நினைப்போம். நடந்தது நேர்மாறு. தொகை நின்ற பிறகும் அதிகம் வந்தது எந்த நேரமும் போகலாம் என்ற குழு. மற்றவர்களுக்குக் குறித்த நேரத்தில் போவது பழகிவிட்டது, உண்மை. ஆனால் அந்த நேரம் தவறினால் அன்று அவர்கள் போகவே இல்லை.

ஆக நெகிழ்வு என்றால் "செய்யாமல் இருக்கலாம்" என்று பொருள் கொள்ள வேண்டாம். முதல் வழி அடைத்தால் இரண்டாவது வழியை யோசித்து வைத்திருப்பது என்று கொள்ளலாம்.

கணக்கன் | டிசம்பர் 27, காலை 8:31

நீங்கள் ஆராய்ச்சி கொண்டுவந்தால் நானும் கொண்டுவருவேன். புகையை விட நினைத்த 697 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி குறித்த நாளில் ஒரேயடியாக நிறுத்தியது. மறுபாதி இரண்டு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தியது. நான்கு வாரம் கழித்து முதல் பாதியில் 49 சதவீதம் பேர் புகைக்காமல் இருந்தார்கள். இரண்டாம் பாதியில் சுமார் 39. இது 2016இல் வந்தது. மூச்சுக்காற்றைச் சோதித்துப் பார்த்த கணக்கு, வாய்வார்த்தை அல்ல.

இப்போது சொல்லுங்கள், வளைய வேண்டுமா?

ஏட்டுச்சுரைக்காய் | டிசம்பர் 27, காலை 9:50

இந்த விஷயத்தில் வளையக் கூடாது. உங்கள் பக்கம்தான்.

கவனித்தீர்களா, உங்கள் உதாரணம் ஒன்றை விடுவது, என்னுடையது ஒன்றைத் தொடங்குவது. விடுவதில், அதுவும் உடம்பைப் பிடித்து வைத்திருக்கும் பழக்கத்தை விடுவதில், "இன்று ஒன்று மட்டும்" என்பது சலுகையே அல்ல, பழைய பழக்கம் திரும்ப வரும் வாசல். தொடங்குவதில் அப்படி இல்லை. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழு 96 பேரைப் பன்னிரண்டு வாரம் தொடர்ந்து பார்த்தது. ஒரு செயல் தானாக வரும் அளவுக்குப் பழகச் சராசரியாக 66 நாள். ஆளுக்கு ஆள் 18இலிருந்து 254 வரை (254 என்பது வரைகோட்டை நீட்டிக் கணித்தது, சோதனை அவ்வளவு நாள் ஓடவில்லை). இடையில் ஒரு நாள் தவறியது அந்தப் பழகலைக் குறிப்பிடும்படி பாதிக்கவில்லை. 

இன்னொன்று. 2020இல் சுவீடனில் 1,066 பேரிடம் நடந்த ஆய்வில், "இதைச் செய்வேன்" வகைச் சபதக்காரர்களில் சுமார் 59 சதவீதம் பேர் ஒரு வருடம் கழித்தும் வெற்றி என்றார்கள். "இதைத் தவிர்ப்பேன்" வகையில் 47.

"21 நாளில் பழக்கம்" என்று சுற்றி வருகிறதே, அது மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் சர்ஜன் 1960இல் எழுதியதிலிருந்து கிளம்பியது. முகம் மாறிய நோயாளிகள் புது முகத்துக்குப் பழகக் குறைந்தது 21 நாள் ஆகிறது என்றார். "குறைந்தது" காற்றில் போய்விட்டது, மிச்சம் சபதமாகிவிட்டது.

இரவுப்பறவை | டிசம்பர் 27, மதியம் 2:17

புள்ளிவிவரம் எல்லாம் சரிங்க. எனக்கு வார்டுல ஷிப்ட் வேலை. ஒரு வாரம் பகல், ஒரு வாரம் ராத்திரி, நடுவுல யாராவது லீவு போட்டா ரெண்டும் சேர்ந்து. "தினமும் காலையில" அப்படின்னு ஆரம்பிக்கிற எந்தச் சபதமும் எனக்கு எழுதினது இல்லை. என் காலை எப்போன்னு எனக்கே தெரியாது.

நான் கடைப்பிடிக்கிறது மூணு சைஸ் முறை. ஒரே சபதத்தை மூணு அளவுல எழுதி வெச்சுக்கறேன். நடைன்னா, பெரிய சைஸ் முக்கால் மணி நேரம். நடு சைஸ் பதினஞ்சு நிமிஷம். சின்ன சைஸ், செருப்பை மாட்டிக்கிட்டு மாடிப்படி இறங்கி ஏறறது. டூட்டி முடிஞ்சு வந்து, உடம்பு என்ன நிலைமையில இருக்குன்னு பாத்துட்டு அன்னிக்கு எந்த சைஸ்னு முடிவு பண்ணுவேன். மூணுல எதைச் செஞ்சாலும் காலண்டர்ல ஒரே மாதிரி டிக். பெரிசுக்குத் தனி நட்சத்திரம் எல்லாம் கிடையாது. அதுல ரொம்ப உறுதியா இருக்கேன், ஏன்னா நட்சத்திரம் வந்தா சின்ன சைஸ் போட்ட நாள் எல்லாம் தோத்த நாள் மாதிரி தெரிய ஆரம்பிச்சுடும்.

முக்கியமான விஷயம், சின்ன சைஸை நல்லா இருக்கிற நாள்ல யோசிச்சு எழுதாதீங்க. படு மோசமான ஒரு நாள்ல, அலுத்துப்போய் உக்காந்திருக்கும்போது எழுதுங்க. அப்போ எது முடியும்னு தோணுதோ அதுதான் சரியான அளவு.

தேன்சிட்டு | டிசம்பர் 27, மதியம் 3:02

இரவுப்பறவை அக்கா, கடைசிப் பத்தியை அப்படியே எடுத்து வெச்சுக்கிட்டேன். 

ஆனா திரி கொஞ்சம் ஆய்வுக்கூடம் ஆகிட்டு வருது. விசித்திரமானதைக் கொண்டு வாங்கப்பா.

அரைகுறை | டிசம்பர் 27, மாலை 6:45

உத்தரவு. தெரிஞ்சவங்க கிட்டக் கேட்டுத் திரட்டினது:

வருஷத்துக்கு ஐம்பது "முடியாது" வாங்கணும்னு ஒரு தோழி. மத்தவங்க அவளைப் பாத்துச் சொல்ற "முடியாது". கேக்கத் தயங்கினதை எல்லாம் கேக்கறா, மறுத்தா ஒரு எண்ணிக்கை ஏறுது, ஒத்துக்கிட்டா காரியம் நடக்குது. தோல்விக்கே இடமில்லாத ஏற்பாடு. "பாதிப் பேர் சரின்னு சொல்லிடறாங்க, ஐம்பதை எப்படிச் சேக்கறது"ன்னு புலம்பறா.

இன்னொருத்தர், ஒரு விஷயத்தை மோசமாவே செய்யப் போறாராம். படம் வரையறார். முன்னேறவே மாட்டேன்னு சபதம். வகுப்பு இல்லை, வீடியோ பாத்துக் கத்துக்கறது இல்லை, யாருக்கும் காட்டறது இல்லை. தேறிடக் கூடாதுங்கறதுல அவர் காட்டற அக்கறை இருக்கே!

மூணாவது என் ஆபீஸ்ல ஒருத்தர். யாராவது பாராட்டினா "நன்றி"ன்னு மட்டும் சொல்லணும். "அட, அதெல்லாம் ஒண்ணுமில்லை", "டீம்தான் காரணம்", எதுவும் வரக் கூடாது. கேக்க எளிசு. அவர் முகத்தைப் பாத்தாத்தான் தெரியும் எவ்வளவு கஷ்டம்னு.

பழைய வானொலி | டிசம்பர் 27, இரவு 8:30

இளையவர்கள் பேசிக்கொண்டிருப்பதை ரசித்துக்கொண்டிருந்தேன். என் பங்குக்கு இரண்டு.

ஒன்று, எதைத் திருத்தப் போவதில்லை என்று தீர்மானிப்பது. ஓய்வு பெற்ற பிறகு கற்றுக்கொண்ட வழக்கம் இது. என் கையெழுத்து மோசம், பெயர்களை மறப்பேன், மேசை எப்போதும் குப்பை. இந்த ஆண்டு மேசையைத் தொடுவதில்லை என்று எழுதி வைத்துவிடுவேன். "இதையும் சரிசெய்ய வேண்டுமே" என்ற நச்சரிப்பு மனத்துக்குள் ஓயாமல் ஓடுகிறது அல்லவா, அதில் ஒரு பகுதியாவது அடங்கும். மனைவி கேட்டால் எழுதியதைக் காட்டிவிடலாம். (அவர் ஏற்றுக்கொள்வார் என்று நான் சொல்லவில்லை.)

இரண்டு, ஆண்டை நான்காக வெட்டிக்கொள்வது. பெஞ்சமின் பிராங்க்ளின் இளவயதில் பதின்மூன்று நற்பண்புகளைப் பட்டியலிட்டு, வாரம் ஒன்றில் மட்டும் முழுக் கவனம் வைத்தார். பதின்மூன்று வாரத்தில் ஒரு சுற்று, ஆண்டுக்கு நான்கு சுற்று. சிறு குறிப்பேட்டில் கட்டம் போட்டு, தவறிய நாளில் கரும்புள்ளி வைத்தார். ஒழுங்கு என்ற பண்புதான் அவருக்குக் கடைசிவரை வசப்படவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். என் மேசைக்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

நான் அவருடைய கணக்கை மட்டும் எடுத்துக்கொண்டேன். பதின்மூன்று வாரத்துக்கு ஒரே ஒரு சபதம். முடிந்ததும் தொடரலாம், மாற்றலாம், கைவிடலாம். கைவிடுவதற்கும் ஒரு தேதி முன்கூட்டியே இருப்பதால் நடுவில் விடத் தோன்றுவதில்லை.

தேன்சிட்டு | டிசம்பர் 27, இரவு 9:11

ஐயா, "எதைத் திருத்தப் போவதில்லை" பட்டியலுக்கு எழுந்து நின்னு கைதட்டறேன்.

எனக்கு ஒரு சந்தேகம். என் "தெரியாது" சபதம் அந்த நேரத்துல ஞாபகத்துக்கே வர மாட்டேங்குது. சும்மா ஒத்திகை பாக்கலாம்னு இன்னிக்கு ஒரு கூட்டத்துல முயற்சி பண்ணேன். தலையாட்டி முடிச்சு, வெளியே வந்து, படி இறங்கும்போதுதான் நினைவுக்கு வருது.

ஏட்டுச்சுரைக்காய் | டிசம்பர் 27, இரவு 9:48

அதற்கு "இது நடந்தால் அது செய்வேன்" என்று வாக்கியமாகக் கட்டிக்கொள்ளச் சொல்கிறார் பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர். அவரும் பாஸ்கல் ஷீரனும் 2006இல் 94 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்ததில், வெறும் ஆசையை விட இந்த வாக்கியம் கணிசமாக வேலை செய்கிறது என்று தெரிந்தது. "தெரியாது என்று சொல்வேன்" என்பதில் எப்போது என்பது இல்லை. "கேள்விப்படாத பெயர் காதில் விழுந்தால், 'அது யாரு?' என்று கேட்பேன்" என்று எழுதிப் பாருங்கள். சொல்ல வேண்டிய வார்த்தை உட்பட முன்பே முடிவு செய்துவிடுங்கள். கூட்டத்தில் உட்கார்ந்து வாக்கியம் தேடினால் அதற்குள் பேச்சு நகர்ந்துவிடும்.

அப்புறம், இந்தச் சபதத்தை அலுவலகத்தில் அறிவிக்காதீர்கள். இதுவும் கோல்விட்சர்தான், 2009. தங்கள் நோக்கத்தை அடுத்தவர் படித்துத் தெரிந்துகொண்டார் என்று அறிந்த மாணவர்கள், அதற்கான வேலையில் குறைந்த நேரம்தான் செலவிட்டார்கள். "நான் இப்படிப்பட்ட ஆள்" என்ற திருப்தி அறிவித்த உடனேயே கிடைத்துவிடுகிறது. எல்லாச் சபதத்துக்கும் இது பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். கூட நடக்க ஆள் வேண்டும் என்றால் சொல்லித்தானே ஆக வேண்டும். "நான் இனி இப்படிப்பட்டவள்" என்று குணத்தைப் பற்றிய சபதமாக இருந்தால் வாயை மூடிக்கொள்வது நல்லது.

அரைகுறை | டிசம்பர் 27, இரவு 9:55

அதான் உலகத்துக்கே சொல்லித் திரி போட்டாச்சே சகோ 😄

தேன்சிட்டு | டிசம்பர் 27, இரவு 9:57

புனைபெயர்ல சொன்னது கணக்குல வராது!

கணக்கன் | டிசம்பர் 28, காலை 6:40

இரவு முழுக்க யோசித்தேன். விடுவதற்குக் கண்டிப்பு, வளர்ப்பதற்கு நெகிழ்வு என்ற பிரிவினை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் நெகிழ்வு எவ்வளவு என்று முன்பே எண்ணிச் சொல்ல வேண்டும். அளவில்லாத நெகிழ்வுக்கு நான் இன்னமும் எதிரி.

ஒரு திட்டம். மாதத்துக்கு இரண்டு நாள் விடுப்பு, அலுவலகத்தில் கொடுப்பதைப் போல. எழுதி வைத்துவிட்டு எடுக்கலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. மூன்றாவது நாள் தவறினால் அது தவறு என்றே பதிவாகும்.

ஏட்டுச்சுரைக்காய் | டிசம்பர் 28, காலை 7:33

கணக்கன் சார், நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள்! மரிசா ஷரீப், சுசான் ஷூ என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2017இல் வெளியிட்டது கிட்டத்தட்ட இதேதான். சலிப்பூட்டும் ஒரு வேலையைத் தினமும் செய்ய ஆள் பிடித்தார்கள். ஒரு குழுவுக்கு இலக்கு வாரம் ஏழு நாளும். இன்னொன்றுக்கு ஐந்து நாள். மூன்றாவது குழுவுக்கு ஏழு நாள், ஆனால் அவசரத்துக்கு இரண்டு நாள் விடுப்பு உண்டு. இரண்டாவதும் மூன்றாவதும் கணக்குப் பார்த்தால் ஒன்றுதான். ஆனால் இலக்கை எட்டியவர்கள்: ஏழு நாள் குழுவில் 21 சதவீதம், ஐந்து நாள் குழுவில் 26, விடுப்புக் குழுவில் 53.

கையில் விடுப்பு இருந்தால் அதைச் செலவழிக்க மனம் வருவதில்லை. "நாளைக்கு இதைவிடப் பெரிய அவசரம் வந்தால்?" என்று சேமிக்கிறோம். தவறிய நாளிலும் "போச்சு, எல்லாம் போச்சு" என்று கைகழுவத் தோன்றுவதில்லை. 

இரவுப்பறவை | டிசம்பர் 28, காலை 10:15

ரெண்டு நாள் எடுக்கலைன்னா அடுத்த மாசத்துக்கு ஏறுமா? எனக்கு ஏறியாகணும். பிப்ரவரி அமைதியாப் போகும், மார்ச்ல நாலு ராத்திரி வரிசையா வரும்.

கணக்கன் | டிசம்பர் 28, காலை 10:21

ஏறக் கூடாது. ஏறினால் நவம்பர் வரை சேர்த்து டிசம்பர் முழுக்கப் படுத்துக்கிடப்பார்கள்.

இரவுப்பறவை | டிசம்பர் 28, காலை 10:40

பதினோரு மாசம் ஒழுங்காச் செஞ்ச ஆள் டிசம்பர்ல படுத்தா என்ன சார் குறைஞ்சு போச்சு? படுக்கட்டும்.

பழைய வானொலி | டிசம்பர் 28, பகல் 11:30

தீர்ப்பு கேட்கப்படவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். பதின்மூன்று வாரச் சுற்றுக்குள் ஏறலாம், சுற்று முடிந்தால் காலாவதி. கணக்கனுக்கு எல்லை கிடைத்தது, இரவுப்பறவைக்கு மார்ச் கிடைத்தது.

கணக்கன் | டிசம்பர் 28, பகல் 11:52

சரி. ஏற்கிறேன். சுற்றுக்கு ஆறு விடுப்பு.

நூல்வண்டு | டிசம்பர் 28, மாலை 5:20

இப்போதுதான் திரியைப் படித்தேன். எனக்கு வேறு மாதிரிச் சிக்கல். அக்டோபரிலிருந்து தினமும் எழுதும் பழக்கம் நன்றாகவே போய்க்கொண்டிருக்கிறது. ஜனவரி 1இலிருந்து புது நோட்டு, புது நேரம், புது முறை என்று மாற்றலாமா?

ஏட்டுச்சுரைக்காய் | டிசம்பர் 28, மாலை 6:04

வேண்டாம். ஹெங்சென் டாய், கேத்ரின் மில்க்மேன், ஜேசன் ரீஸ் மூவரும் 2014இல் காட்டியது, புதிய வருடம், புதிய மாதம், ஏன் புதிய வாரம் தொடங்கும்போதுகூட மக்களுக்கு ஒரு வேகம் வருகிறது என்று. (பிப்ரவரியில் சறுக்கியவர்கள் அடுத்த ஜனவரிவரை காத்திருக்க வேண்டியதில்லை, அடுத்த திங்கட்கிழமை போதும்.) ஆனால் டாய் பின்னர் அமெரிக்க பேஸ்பால் வீரர்களை வைத்து இன்னொன்றையும் பார்த்தார். பருவத்தின் நடுவில் வேறு லீகுக்கு (அணிகளின் இன்னொரு தொகுதிக்கு) மாற்றப்பட்டால் அவர்களுடைய அந்தப் பருவக் கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்கும். அதுவரை சுமாராக ஆடியவர்களுக்கு அது நல்லதாயிற்று. நன்றாக ஆடிக்கொண்டிருந்தவர்கள் இறங்கினார்கள். புதுத் தொடக்கம் தடுமாறுகிறவர்களுக்குத்தான் உதவி. ஓடுகிற வண்டியை நீங்கள் ஏன் நிறுத்துகிறீர்கள்?

நூல்வண்டு | டிசம்பர் 28, மாலை 6:30

அப்படியானால் புது நோட்டு வாங்குவதை மட்டும் வைத்துக்கொள்கிறேன். பழையது இன்னும் தீரவில்லை, அது வேறு விஷயம்.

இப்போதுதான் ஒன்று தோன்றியது, சபதமாகவே போட்டுவிடுகிறேன்: என் கருத்து மாறிய இடங்களை எல்லாம் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதுவது. முன்பு என்ன நினைத்தேன், இப்போது என்ன, யார் பேச்சால் மாறியது. வருஷக் கடைசியில் அந்தப் பக்கம் காலியாக இருந்தால்தான் எனக்குக் கவலை. இந்தத் திரியில் கணக்கன் சார் மாறியதைப் பார்த்துத்தான் தோன்றியது.

கணக்கன் | டிசம்பர் 28, இரவு 7:15

நான் மாறவில்லை. திருத்தம் செய்திருக்கிறேன்.

என்னுடைய இரண்டையும் இங்கேயே பதிந்து வைக்கிறேன். படுக்கையறைக்குள் போன் வராது. இதற்கு விடுப்பு இல்லை, சைஸ் இல்லை, ஒன்றும் இல்லை. இரண்டாவது, யார் பேசினாலும் என் கதையைச் சொல்லுமுன் அவர்களிடம் மூன்று கேள்வியாவது கேட்பது. இதற்கு ஆறு விடுப்பு. என் மைத்துனர் வரும் நாட்களுக்கு அதில் நான்கை இப்போதே ஒதுக்கிவிட்டேன்.